வீல் ஆஃப் டைம் கடைசி புக்கை வாங்கி வெச்சுட்டு இன்னும் திறக்காதவங்களுக்கு

வீல் ஆஃப் டைம்ன்றது ராபர்ட் ஜோர்டன் ஆரம்பிச்ச 14 புக் ஃபேண்டசி நாவல் சீரீஸ். கேள்வி இதுதான்: "13 புக் முடிச்சாச்சு, 'எ மெமரி ஆஃப் லைட்' வாங்கி ரெண்டு மாசமா அப்படியே கிடக்கு. முடிஞ்சிடுமேன்னு ஒரு பக்கம் மனசு வரல, ஒரிஜினல் ஆசிரியர் எழுதலையே, கடைசில சொதப்பி வெச்சிருந்தா என்ன பண்றதுன்னு இன்னொரு பக்கம் பயம். படிக்கலாமா, எப்படிப் படிக்கலாம், முடிச்சுட்டு அடுத்து என்ன?"

படிங்க, தாராளமா படிங்க. ஆனா "ஜோர்டன் எழுதலையே"ன்ற எண்ணத்தோட உள்ள போகாதீங்க, ஏன்னா அது பாதிதான் உண்மை, அதுவும் ரொம்ப முக்கியமான இடத்துல உண்மையே இல்ல. அதை மட்டும் கொஞ்சம் விலாவாரியா சொல்லிடறேன், அது தெரிஞ்சா புக்கைப் பார்க்கற பார்வையே மாறிடும். பெரிய ஸ்பாய்லர் எதுவும் உடைக்க மாட்டேன், 13 வரைக்கும் உங்களுக்குத் தெரியும்ன்ற தைரியத்துல பேசறேன்.

ராபர்ட் ஜோர்டன்ன்றது புனைபெயர், ஆளோட நிஜப் பேர் ஜேம்ஸ் ஆலிவர் ரிக்னி ஜூனியர், அமெரிக்காவுல தெற்கு கரோலினா, சார்ல்ஸ்டன் ஊர்க்காரர். வியட்நாம்ல ஹெலிகாப்டர் கன்னரா ரெண்டு டூர் போயிட்டு வந்து சிட்டடெல் மிலிட்டரி காலேஜ்ல பிசிக்ஸ் படிச்சவர். முதல் புக் 1990 ஜனவரில வந்துச்சு, 1994க்குள்ள ஆறு புக் போட்டுட்டாரு, அந்த வேகத்தைப் பார்த்தவங்க சீரீஸ் பத்து வருஷத்துல முடிஞ்சிடும்னுதான் நினைச்சாங்க. அப்புறம்தான் கதை அகலமா விரிய ஆரம்பிச்சு, ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு, மூணு வருஷத்துக்கு ஒண்ணுன்னு ஆயி, 2003ல வந்த பத்தாவது புக்ல கதை நகரவே இல்லன்னு ரசிகர்களே கழுவி ஊத்தினாங்க, மெகா சீரியல்ல ஒரு ஃப்ளாஷ்பேக் ஒரு வாரம் ஓடுமே அந்த மாதிரி இருந்துச்சுன்னு. நீங்களும் அதைத் தாண்டித்தான் வந்திருக்கீங்க, அதனால சொல்ல வேண்டியதில்ல. 2005ல 'நைஃப் ஆஃப் ட்ரீம்ஸ்' வந்து திரும்பவும் வேகம் பிடிச்சுது. இன்னும் ஒரே ஒரு புக்தான், எவ்வளவு தடியா வந்தாலும் ஒரே புக்தான்னு அடிச்சு சொன்னாரு.

2006 மார்ச்ல அவரே வெளில சொன்னாரு, கார்டியாக் அமிலாய்டோசிஸ்னு ரத்தம் சம்பந்தப்பட்ட அபூர்வ நோய், அதுல வர்ற புரதம் இதயத்துச் சுவர்ல படிஞ்சு இதயத்தை இறுக வெச்சிடும். ட்ரீட்மென்ட் எடுத்தா சராசரியா நாலு வருஷம்னு டாக்டர்ஸ் சொன்னதையும் அவரே எழுதினாரு, எழுதிட்டு, அதெல்லாம் பார்த்துக்கலாம், எனக்கு இன்னும் எழுத வேண்டியது நிறைய இருக்குன்ற தொனில முடிச்சாரு. 2007 செப்டம்பர் 16 அன்னிக்குப் போயிட்டாரு, 58 வயசு.

ஆனா அவர் சும்மா போகல, இங்கதான் விஷயமே இருக்கு. சீரீஸோட கடைசி சீன் என்னன்னு முதல் புக் எழுதறதுக்கு முன்னாடியே தெரியும்னு பல வருஷமா பேட்டிகள்ல சொல்லிட்டே இருந்தவர், அந்த சீனை உண்மையிலேயே எழுதி வெச்சுட்டுத்தான் போனாரு. கடைசி நாட்கள்ல குடும்பத்தை உட்கார வெச்சு கதை எப்படி முடியுதுன்னு வாயாலேயே சொன்னாரு, அதை ரெக்கார்ட் பண்ணி எழுத்தாக்கி வெச்சாங்க. அது போக தனித்தனியா எழுதின சீன்கள், பாதில நிக்கிற பத்திகள், இந்தக் கேரக்டருக்கு இது நடக்கணும்னு குறிப்புகள். அவரோட மனைவி ஹாரியட் மக்டூகல்தான் முதல் புக்ல இருந்து எடிட்டரும் கூட, வீட்டுலயே எடிட்டர். அதனால இந்த உலகத்துல எது பொருந்தும் எது பொருந்தாதுன்னு தெரிஞ்ச ஒருத்தங்க கடைசி வரைக்கும் கூடவே இருந்தாங்க. மரியா சைமன்ஸ், ஆலன் ரோமான்ஸக்னு ரெண்டு உதவியாளர்கள், எந்தக் கேரக்டர் எந்த ஊர்ல எந்தத் தேதில இருக்கான்னு விரல் நுனில வெச்சிருந்தவங்க, அவங்களும் இருந்தாங்க.

இதையெல்லாம் வெச்சு சீரீஸை எழுதி முடிச்ச ஃபேண்டசி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் எப்படி உள்ள வந்தாருன்னா, ஜோர்டன் இறந்ததும் தன்னோட வலைப்பக்கத்துல ஒரு அஞ்சலி எழுதினாரு, சின்னப் பையனா இருந்தப்ப முதல் புக்கைப் படிச்சு ரசிகர் ஆனவர். அந்த அஞ்சலி ஹாரியட் கண்ணுல பட்டுச்சு, அவரோட 'மிஸ்ட்பார்ன்' நாவலைப் படிச்சுப் பார்த்தாங்க, இவரே முடிக்கட்டும்னு முடிவு பண்ணாங்க, 2007 டிசம்பர்ல அறிவிப்பு வந்துடுச்சு. ஒரே புக்னு ஆரம்பிச்சது எழுத எழுத மூணாச்சு: 2009ல 'தி கேதரிங் ஸ்டார்ம்', 2010ல 'டவர்ஸ் ஆஃப் மிட்நைட்', 2013 ஜனவரி 8ல உங்க வீட்டுல தூங்கிட்டு இருக்கற அந்த மூணாவது. காசுக்காகப் பிரிச்சாங்கன்னு அப்ப திட்டினவங்க நிறைய பேரு, ஆனா மூணையும் சேர்த்தா பைண்டிங்கே தாங்காது, கடைசி புக் மட்டுமே சுமார் மூன்றரை லட்சம் வார்த்தை.

நம்மகிட்டயும் இப்படி ஒண்ணு நடந்திருக்கு, 1954ல கல்கி இறந்தப்ப 'அமரதாரா' நாவல் பாதில நின்னுச்சு, அப்பா விட்டுட்டுப் போன குறிப்புகளை வெச்சு மகள் ஆனந்திதான் முடிச்சுக் கொடுத்தாங்க. அங்க எழுதினது வீட்டுப் பொண்ணு, இங்க எழுதினது வெளியாளு, மேற்பார்வை மட்டும் வீட்டோடது.

இன்னொரு கொடுமையும் கேளுங்க. முதல் 13 புக்குக்கும் அட்டை வரைஞ்ச டாரல் ஸ்வீட் 2011 டிசம்பர்ல இறந்துட்டாரு, கடைசி அட்டை முடியல. அதை மைக்கேல் வீலன் புதுசா வரைஞ்சு கொடுத்தாரு. உள்ளயும் வேற ஆளு முடிச்சிருக்காரு, வெளியவும் வேற ஆளு முடிச்சிருக்காரு.

சரி, யாரோட கை எங்க இருக்குன்னு தெரிஞ்சா உங்க பயம் பாதி போயிடும்னு நினைக்கிறேன். 12வது புக்ல எக்வீன் வெள்ளைக் கோபுரத்துக்குள்ள, அதான் ஐஸ் செடாய்ன்ற மந்திர சக்தி உள்ள பெண்களோட தலைமையகத்துல, கைதியா இருந்துக்கிட்டே எல்லாரையும் ஆட்டி வெக்கிறாளே, அந்த லைன் ஜோர்டன் ரொம்ப விரிவா குறிச்சு வெச்ச பகுதி, வெரின் டீ குடிச்சுக்கிட்டே உட்கார்ந்து உண்மையச் சொல்ற அந்த சீன் உட்பட. 13ல கென்ஜெய் கோபுரத்துக்குள்ள ஹீரோ ரேண்டோட நண்பன் மேட்டும் பாட்டுக்காரர் தாமும் போற சீக்வென்ஸும் பெருமளவு அவரோடதுதான். 14ல எபிலாக் பெரும்பகுதி அவர் கைப்பட வந்தது. அதாவது நீங்க எந்த முடிவைப் பார்த்து பயப்படறீங்களோ அந்த முடிவுதான் ஒரிஜினல். சாண்டர்சன் கட்டினது அங்க போய்ச் சேர்ற பாலத்தை. பாலம் அங்கங்க ஆடும், மறுக்கல. ஆனா கரை ஜோர்டனோட கரை.

முழுக்க சாண்டர்சன் கை தெரியணும்னா ஆண்ட்ரோல்ன்ற கேரக்டரைப் பாருங்க. மந்திர சக்தி ரொம்பக் கம்மி, அந்த சக்தி உள்ள ஆண்கள் இருக்கற பிளாக் டவர்ல மதிப்பே கிடையாது, தோல் வேலை தெரிஞ்ச ஆளு, ஆனா கேட்வே, அதாவது ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போற மந்திர வாசல், அதைத் திறக்கறதுல மட்டும் கில்லாடி. ஒரு சின்ன சக்தியக் கொடுத்து அதை எத்தனை விதமாப் பயன்படுத்தலாம்னு யோசிச்சுக்கிட்டே இருக்கறது சாண்டர்சனோட புத்தி, அவரோட மத்த புக்கு படிச்சவங்களுக்கு உடனே தெரியும். ஆண்ட்ரோல், பெவாரா ரெண்டு பேரும் வர்ற பகுதி ஜோர்டன் வாசனையே இல்லாம இருக்கும், ஆனா எனக்கு இந்தப் புக்ல ரொம்பப் பிடிச்ச விஷயங்கள்ல அது ஒண்ணு, இரவல் சட்டையப் போட்டுக்கிட்டு நெளியாம எழுதின இடம்.

நெளியற இடம்னா அது மேட். 12ல மேட் பேசற பேச்சு மேட் மாதிரியே இருக்காது, கூட்டாளிகளுக்கெல்லாம் பொய்ப் பேர் வெச்சு ஆளுக்கு ஒரு கதை எழுதிக் கொடுக்கற அந்த சீன்ல சிரிப்பு வரணும்னு பாடுபட்டிருக்காரு. ஜோர்டனோட மேட்டுக்குத் தான் காமெடி பண்றோம்னே தெரியாது, சாண்டர்சனோட மேட் ஜோக் அடிக்கிறான், அதுதான் வித்தியாசம். சாண்டர்சனே பின்னாடி மேட்டைச் சரியாப் பிடிக்கலன்னு ஒத்துக்கிட்டாரு. 14ல பரவாயில்ல, நிறையவே தேறியிருக்கு. அதுவும் போர் ஆரம்பிச்ச பிறகு மேட் தன்னோட இடத்துக்கு வந்துடறான்.

நடையும் மாறியிருக்கும், அது உங்களுக்கு 12லயே தெரிஞ்சிருக்கும். யார் என்ன டிரஸ், அதுல கையில எந்த நூல்ல எம்ப்ராய்டரின்ற வர்ணனை எல்லாம் குறைஞ்சு, சீன் சின்னச் சின்னதா வெட்டி வெட்டி ஓடும். நைனீவ் பின்னலைப் பிடிச்சு இழுக்கறது கூட குறைஞ்சிடுச்சு, அதுக்குக் காரணம் கதையிலயே இருக்கு, அது வேற விஷயம்.

இப்ப எப்படிப் படிக்கறதுன்னு பார்ப்போம். ரெண்டு மாசம் இடைவெளி விட்டிருக்கீங்க, அதனால நேரா உள்ள குதிக்காதீங்க. முழு ரீரீட் எல்லாம் வேண்டாம், 44 லட்சம் வார்த்தை சீரீஸ், உங்களுக்கும் வேலை வெட்டி இருக்கும். 13ல கடைசி நூறு நூத்தைம்பது பக்கம் மட்டும் திரும்பப் புரட்டுங்க. மனசுல நிக்க வேண்டியது இவ்வளவுதான்: இருள் தலைவனை அடைச்சு வெச்சிருக்கற சிறையோட முத்திரைகளை உடைக்கப் போறேன்னு ரேண்ட் சொல்லி இருக்கான், எக்வீன் அதை எதிர்க்கறா, எல்லா ராஜாங்களும் மெரிலோர் மைதானத்துல கூடறாங்க. வெரின் கொடுத்த லெட்டரை மேட் பிரிச்சுப் படிக்கவே இல்ல, அதோட விளைவு கேம்லின்ல நடந்துட்டு இருக்கு. பிளாக் டவர்ல ஏதோ சரியில்ல, அங்க கேட்வே வேலை செய்யல. மொரெயின் திரும்ப வந்துட்டாங்க. வில்லன்கள்ல ஒருத்தனான டிமாண்ட்ரெட் எங்க ஒளிஞ்சிருக்கான்னு இவ்வளவு நாள் யாருக்கும் தெரியல. இது போதும். 12க்கும் 13க்கும் நடுவுல காலக்கணக்கு உதைக்கும், ரேண்டோட அப்பா டாம் ஒரே நேரத்துல ரெண்டு இடத்துல இருக்கற மாதிரி தோணும், பெரினோட கதை பின்னாடி இருந்து ஓடி வர்றதால வந்த வினை அது, அதைப் போட்டுக் குழப்பிக்க வேண்டாம், 14 ஆரம்பிக்கறப்ப எல்லாரும் ஒரே நேரத்துக்கு வந்துடுவாங்க.

விக்கி பக்கம் போகவே போகாதீங்க. ஒரு பேரு மறந்துடுச்சுன்னு தேடினீங்கன்னா முதல் வரியிலயே அந்த ஆளு எப்படிச் செத்தாருன்னு இருக்கும். புக்குக்குப் பின்னாடி குளோசரி இருக்கு, அதுல இல்லன்னா அந்த ஆளு தெரியாமலே படிங்க, ரெண்டாயிரத்துக்கு மேல பேரு இருக்கற சீரீஸ்ல இது சகஜம். ரிவ்யூ பார்த்துட்டுப் படிச்சா நல்லதுன்னு நினைக்கற ஆளா இருந்தா ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க, ஹார்ட்கவர் வந்து மூணு மாசம் கழிச்சுதான், 2013 ஏப்ரல்லதான் ஈபுக் விட்டாங்க, அந்தக் கோபத்துல புக்கைத் திறந்து கூடப் பார்க்காம ஒரு ஸ்டார் போட்டுத் தள்ளினவங்க எக்கச்சக்கம். அதையெல்லாம் கணக்குல எடுக்காதீங்க.

முன்னுரைய மட்டும் ஒரு ராத்திரிக்குன்னு ஒதுக்குங்க. டால்மானெஸ் ஞாபகம் இருக்கா, மேட்டோட ஆளு, இத்தனை வருஷமா மேட் என்ன பேசினாலும் சிரிக்கவே மாட்டானே, அந்த உம்மணாமூஞ்சி. எரிஞ்சுக்கிட்டு இருக்கற கேம்லின் நகரத்துக்குள்ள மிர்ட்ரால்ன்ற கண்ணில்லாத அரக்கனோட கத்தி பட்டு உடம்புல விஷம் ஏறிக்கிட்டே இருக்கு, குணப்படுத்த பக்கத்துல ஐஸ் செடாய் யாரும் இல்ல, இன்னும் கொஞ்ச நேரந்தான்னு அவனுக்கே தெரியும், ஆனா உள்ள மாட்டிக்கிட்ட பீரங்கிகளை வெளில கொண்டு வந்தே ஆகணும். முகத்துல ஒரு அசைவும் இல்லாம நக்கல் அடிச்சுக்கிட்டே போறான் பாருங்க, இத்தனை புக்கா ஓரத்துல நின்னவனை ஒரே அத்தியாயத்துல எங்கயோ கொண்டு போயிட்டாரு. சாண்டர்சன் மேல இருந்த சந்தேகம் எனக்கு விட்டுப் போனது அந்த இடத்துலதான்.

அதுக்கப்புறம் முதல் பாதி கொஞ்சம் நிர்வாகம் மாதிரி போகும், யாரு எந்த முனைக்குப் போறது, எந்தப் படை எங்க, யாரு தலைமைன்னு. இங்க சலிச்சுப் போயி வெச்சுடாதீங்க. நாலு பெரிய தளபதிகள் நாலு முனையில நடத்தற போர்ல ஏதோ ஒண்ணு இடறுதுன்னு உங்களுக்குத் தோணும், என்னன்னு சட்டுனு பிடிபடாது, அந்த எரிச்சலை அப்படியே வெச்சிருங்க. போர்க்களத் திட்டம் போடறதுல ஆலன் ரோமான்ஸக் நிறைய உதவி பண்ணியிருக்காரு, சாண்டர்சன் தனியா எழுதியிருந்தா இவ்வளவு துல்லியமா வந்திருக்காதுன்னு என் எண்ணம். ஒரு இடத்துல நேரமே வேற வேகத்துல ஓடும், ஒரு பக்கம் சில நிமிஷம் போறப்ப இன்னொரு பக்கம் நாள்கணக்குல போயிடும், அதை ஆரம்பத்துலயே மனசுல வாங்கிட்டா பின்னாடி குழப்பம் இல்ல.

அப்புறம் 37வது சாப்டர். பேரே 'தி லாஸ்ட் பேட்டில்'தான். இந்த ஒரு சாப்டர் மட்டும் சுமார் 79 ஆயிரம் வார்த்தை, தனி நாவலாப் போட்டாலே போதுமான அளவு. "இந்த சாப்டர் முடிச்சுட்டுப் படுத்துடலாம்"னு ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சீங்கன்னா காலைல ஆபீஸ் போனாப்புல தான். லீவு நாள் காலைல ஆரம்பிங்க, சாப்பாட்டை முன்னாடியே செஞ்சு வெச்சுடுங்க, போனைத் தூர வைங்க. நீளம் ஜாஸ்திதான், ரெண்டு மூணு இடத்துல வெட்டியிருக்கலாம், ஆனா மூச்சு விட இடம் கொடுக்காம இழுத்துட்டுப் போறதுல ஒரு நியாயம் இருக்கு, உள்ள சண்டை போடறவங்களுக்கும் அந்த இடைவெளி கிடைக்கலையே. யாரு போவாங்கன்னு சொல்லப் போறதில்ல, போவாங்க, சில பேரு ஒரே வரில போயிடுவாங்க, திரும்ப அந்த வரியைப் படிச்சுப் பார்ப்பீங்க.

குறை சொல்லணும்னா ரெண்டு சொல்வேன். முதல் புக்ல இருந்து வளர்த்துட்டு வந்த ஒரு வில்லன் வந்த வேகத்துலயே முடிஞ்சு போயிடறான், இதுக்கா இவ்வளவு பில்டப்புன்னு இருக்கும். ரெண்டாவது, சில பெரிய கேரக்டர்களுக்கு நாம எதிர்பார்க்கற சந்திப்பு, உட்கார்ந்து பேசற பேச்சு, அதெல்லாம் கிடைக்காது, இவ்வளவு வருஷம் பிரிஞ்சிருந்தவங்க ரெண்டு வாக்கியம் பேசிட்டுப் போயிட்டே இருப்பாங்க. ஜோர்டன் இருந்திருந்தா அதுக்கே நூறு பக்கம் எழுதியிருப்பாரு. அதுல எண்பது பக்கத்தை நாம திட்டியிருப்போம், அது வேற கதை.

எபிலாக்கை 49வது சாப்டரோட சேர்த்துப் படிச்சு முடிச்சிடாதீங்க. எழுந்து தண்ணி குடிச்சுட்டு வந்து படிங்க, ஏன்னா நடை டக்குனு மாறும், அமைதியா, அவசரமே இல்லாம, பழைய ஆளோட குரல் கேக்கும். அதுல ஒரு சின்ன விஷயம் நடக்கும், கையளவு விஷயம், எப்படி நடந்துச்சுன்னு புக்ல விளக்கம் இருக்காது. ஜோர்டன் குறிப்புகள்லயும் அதுக்கு விடை இல்லன்னு சாண்டர்சனே சொல்லிட்டாரு. ரசிகர்கள் இன்னிக்கு வரைக்கும் அதுக்குத் தியரி போட்டுட்டு இருக்காங்க. உங்களுக்கும் ஒண்ணு தோணும், தோணினா வந்து சொல்லுங்க.

முடிச்ச பிறகு என்னன்னு கேட்டீங்க. ஒரு வெறுமை இருக்கும், எதை எடுத்தாலும் பத்துப் பக்கத்துல வெச்சுடுவீங்க. அப்ப இன்னொரு பத்து புக் சீரீஸைத் தூக்காதீங்க, அது பாவம் ஒப்பீட்டுல அடிபட்டே செத்துடும். சின்னதா, ஃபேண்டசியே இல்லாத ஏதாவது படிங்க. அமேசான் ப்ரைம்ல வந்த ஷோ மூணு சீசனோட 2025ல நின்னுடுச்சு, கதையோட முடிவு பக்கத்துல கூடப் போகல, அதனால அதுல ஆறுதல் தேட முடியாது. கதை தொடரும்னும் எதிர்பார்க்காதீங்க. மேட், டுவான் ரெண்டு பேரையும் வெச்சு இன்னொரு மூணு புக் எழுதற ஐடியா ஜோர்டனுக்கு இருந்துச்சு, ஆனா அதுக்கு அவர் விட்டுட்டுப் போனது ரெண்டு மூணு வரிதான், அந்த ரெண்டு வரியை வெச்சு எழுதினா அது அவர் கதையா இருக்காதுன்னு ஹாரியட்டும் சாண்டர்சனும் விட்டுட்டாங்க. சரியான முடிவுன்னுதான் சொல்வேன்.

'நியூ ஸ்பிரிங்' படிக்கலன்னா இப்பப் படிங்க, மொரெயினும் லானும் முதல்ல சந்திச்ச கதை, சின்ன புக், ஜோர்டனே எழுதினது. அதுவும் முடிஞ்சுதுன்னா முதல் புக்கை எடுத்து 15வது சாப்டர் மட்டும் படிங்க, பேர்லான் சத்திரத்துல மின்ன்ற பொண்ணு முதல்தடவை ரேண்ட்கிட்டப் பேசற இடம். ஒவ்வொருத்தரைச் சுத்தியும் என்ன தெரியுதுன்னு சொல்லிட்டே வருவா, மேட்டைச் சுத்தி தராசுத் தட்டு மேல ஒரு கண்ணு இருக்குன்னு சொல்வா. 1990ல அதைப் படிச்சவங்களுக்கு அது என்னன்னே புரிஞ்சிருக்காது, விடை 2010ல வந்த புக்லதான், உங்களுக்கு இப்பத் தெரியும். அந்த ஒரு பக்கத்துல மின் சொன்னது எதெல்லாம் எங்க பலிச்சுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க, ஒரு சாயங்காலம் போயிடும்.

கூடுதலா வேணும்னா, கடைசி புக்ல இருந்து வெட்டி எடுத்த டிமாண்ட்ரெட் பகுதி 'ரிவர் ஆஃப் சோல்ஸ்'ன்ற பேர்ல 2013ல 'அன்ஃபெட்டர்ட்'ன்ற சிறுகதைத் தொகுப்புல வந்துச்சு. நல்லாவே இருக்கும். ஆனா ஆர்வத்துல அதை முன்னாடி படிச்சுடாதீங்க, அவன் எங்க ஒளிஞ்சிருக்கான்ற சஸ்பென்ஸை முதல் சில பக்கத்துலயே உடைச்சுடும்.